கனடாவில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு: எந்த இணையத்தளம் எதற்கு உதவும்?

கனடாவில் முன்னோரைத் தேட வெளிக்கிடுகிற பலர் முதல் வேலையாகக் கடன் அட்டையை எடுத்துச் சந்தா கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். என் மனைவியின் குடும்பம் அயர்லாந்திலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்து, பிறகு சஸ்காச்சுவனில் காணி எடுத்துக் குடியேறிய குடும்பம். அவர்களுடைய வழியைச் சில வருடங்களாகத் தேடி வருகிறேன். இதுவரை சேர்ந்த ஆவணங்களில் பெரும்பங்கு காசில்லாமல் கிடைத்தவை.

தொடங்க வேண்டிய இடம் மத்திய அரசின் நூலகமும் ஆவணக் காப்பகமுமான லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடாவின் தளம். 1825 முதல் 1931 வரையான குடிசனக் கணக்கெடுப்புகளை அங்கே ஒரே இடத்தில் தேடலாம். கணக்கெடுத்து 92 வருடம் கழிந்த பிறகே பெயர் விவரங்கள் வெளிவரும் என்பது சட்டம். அதனால்தான் 1931ஆம் ஆண்டினுடையது 2023 யூன் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. தெரிந்த ஒருவரை அதில் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு கணக்கெடுப்பாகப் பின்னுக்குப் போங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்வி கேட்டிருக்கிறது. 1901இல் பிறந்த நாளும் மாதமும் இருக்கும். 1911இல் கனடாவுக்கு வந்த வருடம் இருக்கும். 1931இல் வீட்டில் வானொலி இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

கையெழுத்துப் பக்கங்களை வாசித்துப் பிறகு பதிந்த பெயர்ச் சுட்டியை மட்டும் நம்பாதீர்கள். மனைவியின் பூட்டனாரைக் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் 1911இல் ஆளே இல்லை. குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், வயது, மாகாணம் மட்டும் கொடுத்தபோது வந்துவிட்டார். பழைய சாய்வெழுத்தில் இருந்த 'எல்' என்ற முதலெழுத்தை யாரோ 'எஸ்' என்று வாசித்துப் பதிந்திருந்தார்கள். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்தால் இன்னொரு விஷயம்: சில வரிகள் தள்ளிப் பூட்டியாரின் தாய் தகப்பன்! இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் காணி. சுட்டியோடு நின்றிருந்தால் இது தெரியவே வந்திராது.

அதே பக்கத்தில் இருப்பிடம் என்ற கட்டத்தில் செக்சன், டவுன்ஷிப், ரேஞ்ச், மெரிடியன் என்று காணி இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்கள் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, அதே தளத்தில் உள்ள மேற்குக் கனடாக் காணி வழங்கல் பதிவுகளுக்குப் போகலாம். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 டொலர் கட்டி 160 ஏக்கர் எடுத்து, வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்திக் காட்டியவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது முதலாம் உலகப் போர்ப் படைவீரர்களின் கோப்புகள். 620,000க்கு மேற்பட்டவற்றை முழுமையாகப் படம் எடுத்து 2018இல் முடித்தார்கள். பதிவிறக்க ஒரு சதமும் இல்லை. சேரும்போது நிரப்பிய படிவம், உயரம், கண் நிறம், வைத்தியசாலைச் சீட்டுகள், சம்பளத் தாள் எல்லாம் ஒரே கோப்பில். சாதாரணப் படைவீரருக்குப் படியோடு சேர்த்து நாளொன்றுக்கு 1 டொலர் 10 சதம். அதில் மாதாமாதம் தாய்க்கு அனுப்பியது தனியாக எழுதியிருக்கும். பூட்டனாரின் படிவத்தை மாமியாருக்குக் காட்டினேன். இடது கையில் தழும்பு என்ற வரியைப் பார்த்ததும், "அது கோடரி பட்டது, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தொட்டுப் பார்த்திருக்கிறேன்" என்றார். அன்று பின்னேரம் முழுக்கத் தன் பாட்டனாரைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.

பிறப்பு, விவாக, இறப்புப் பதிவு மாகாண அரசுகளின் வேலை என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாசல். ஒன்ராறியோவில் பதிவு 1869இல் தொடங்கியது. அதை ஃபமிலிசேர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து தேடுவது சுலபம். விவாகப் பதிவை விட்டுவிடாதீர்கள், மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் அதில் வரும். நோவா ஸ்கோஷியா மாகாணத் தளம் அருமையானது, ஆனால் 1877க்கும் 1908க்கும் இடையில் பிறப்பு, இறப்புப் பதிவே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்குத் தேவாலயப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேணும். கியூபெக்கும் அப்படித்தான், அங்கே மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பிஆர்டிஎச் என்ற பழைய தேவாலயப் பதிவுகளின் தரவுத்தளம் காசு கொடுக்கத் தகுந்தது. பெண்களைத் தகப்பன் வழிப் பெயரிலேயே பதிந்திருப்பதால் தாய்வழியைத் தேடுவதும் சிரமமில்லை.

பழைய கனடிய ஆவணங்களின் படங்களை வைத்திருக்கும் கனடியானா தளம் 2019 முதல் இலவசம். பழைய மைக்ரோபிலிம் சுருள்கள் படங்களாக இருக்கின்றன, ஆனால் பலவற்றுக்குப் பெயர்ச் சுட்டி இல்லை. பொறுமையுள்ளவர்களுக்கு மட்டும்.

அன்செஸ்ட்ரி என்ற சந்தாத் தளம் தேவைப்பட்டால் முதலில் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். ரொறன்ரோ உட்படப் பல பொது நூலகங்களில் உள்ளே இருந்து இலவசமாகப் பார்க்கலாம். நான் ஒரு வருடம் சந்தா கட்டிய வேறொரு தளத்தில், மற்றவர்கள் போட்ட குடும்ப மரங்கள்தான் முன்னுக்கு வந்து நின்றன. ஒன்றில் தாய் இறந்து சில வருடம் கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. பலர் அதையே அப்படியே பிரதி பண்ணி வைத்திருந்தார்கள். மூல ஆவணம் காட்டாத மரத்தை நான் எடுப்பதில்லை.

1865க்கு முன் கியூபெக் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களுக்கு முழுமையான கப்பல் பட்டியல் இல்லை. மனைவியின் ஆட்கள் அந்தக் காலத்தவர்கள் என்பதால், 1847 பஞ்சத்தில் வந்த ஐரிஷ் மக்களை நோய் பரவாமல் இருக்கத் தடுத்து வைத்த குறோஸ் ஈல் தீவின் பதிவுகளை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்டெடுத்த படத்தை அன்றே பதிவிறக்கி, வருடம், மாவட்டம், பக்க எண் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். தளங்களைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் வேலை செய்யாமல் போய்விடும்.