40 அடி டிரெய்லருக்கு எந்த முன்வண்டி? பதினோரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

வண்டியின் கம்பெனிப் பெயரை இதில் எழுதவில்லை. விற்ற ஷோரூமோடு ஒரு பஞ்சாயத்து இன்னும் முழுதாகத் தீரவில்லை, பெயரைப் போட்டு எழுத உட்கார்ந்தால் இது வண்டியைப் பற்றிய விமர்சனமா என் வயிற்றெரிச்சலா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியாது. ரகத்தைச் சொன்னால் போதும். ஃபோர் பை டூ முன்வண்டி (டிரெய்லரை இழுக்கிற லாரி, பின்னால் ஒரே அச்சு, இன்ஜின் சுற்றுவது அதை மட்டும்தான்), 250 குதிரைத்திறன், ஆறு டயர், பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி), டிரெய்லரையும் சரக்கையும் சேர்த்து 45.5 டன். பின்னால் மாட்டுவது என்னிடம் ஏற்கெனவே இருந்த மூன்று அச்சு 40 அடி டிரெய்லர். பலகை கிடையாது, வெறும் சட்டமும் கன்டெய்னரைப் பிடிக்கிற லாக்குகளும்தான். சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றிலிருந்தும் மணலி, மாதவரம் பக்கத்து சி.எஃப்.எஸ். யார்டுகளுக்கு (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை இறக்கி வைத்துக் கையாளும் இடங்கள்) ஓட்டம், மாதத்தில் ஒன்றிரண்டு தடவை ஸ்ரீபெரும்புதூர்.

வாங்கப் போகும்போது என் மனசு முழுக்க 55 டன் வண்டியில்தான் இருந்தது. பெயரிலேயே எல்லாம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். டாடாவில் 5530 என்றால் 55 டன், 300 குதிரைத்திறன். பாரத் பென்ஸில் 5528 என்றால் 55 டன், 280. முதல் இரண்டு எண் டன், அடுத்த இரண்டோடு ஒரு சைபர் சேர்த்தால் எச்.பி. பெரிய நம்பர் வாங்கினால் பெரிய ஆள் என்று எனக்கும் ஒரு நினைப்பு, பொய் சொல்வானேன். ஷோரூம் பையனும் அதற்கு நன்றாகத் தூபம் போட்டான்.

எங்கள் டிரைவர் அண்ணன் இருபத்தாறு வருஷமாகத் துறைமுக ஓட்டம் ஓட்டுகிறவர். அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டீ குடிக்க வெளியே வந்தபோது சொன்னார், "தம்பி, எச்.பி.ய வுடு. நம்ம வண்டி ஓட்றத வுட நிக்கிறதுதான் ஜாஸ்தி. கிளச்சு எம்மாம் நாள் தாங்கும்னு போய்க் கேளு."

அன்றைக்கு ராத்திரி ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை அப்படியே இங்கே தருகிறேன், ஏனென்றால் எந்த ஷோரூமிலும் இதை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை உயர்த்தினார்கள். முன் அச்சுக்கு 7 டன், நாலு டயர் உள்ள பின் அச்சுக்கு 11.5, டிரெய்லரில் நெருக்கமாக இருக்கும் மூன்று அச்சுக்கும் சேர்த்து 27. கூட்டினால் 45.5. (அதற்கு முன்னால் இது 6, 10.2, 24 என்று 40.2 டன்னாக இருந்தது.) முன்வண்டியில் பின்னால் இரண்டு அச்சு இருந்தால் 11.5 இருக்கும் இடத்தில் 21 வரும், மொத்தம் 55. இப்போது 45.5-இல் முன்வண்டியின் சொந்த எடை ஏறக்குறைய 7, என் டிரெய்லர் 6 டன் பக்கம், இரண்டையும் கழித்தால் மிச்சம் 32 டன் சொச்சம். கன்டெய்னர் கதவில் எழுதியிருப்பதைப் பாருங்கள், பெட்டியோடு சேர்த்து அதிகபட்சம் 30,480 கிலோ என்றுதான் பெரும்பாலும் இருக்கும், 20 அடிக்கும் அதுதான், 40 அடிக்கும் அதுதான். ஆக ஒற்றைப் பெட்டி ஏற்றுகிறவனுக்கு 45.5 டன் வண்டியே போதும், பாரத்தை டிரெய்லரில் சரியான இடத்தில் வைத்தால். வெயிட்டான 20 அடிப் பெட்டியை முன்னால் தள்ளி வைத்தால் மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு 11.5-ஐத் தாண்டிவிடும், அது வேறு விஷயம்.

55 டன் எப்போது வேண்டும்? லோடு ஏறிய இரண்டு 20 அடிப் பெட்டிகளை ஒரே டிரெய்லரில் போடுகிறவர்களுக்கு. அதிலும் முன்வண்டி 9, டிரெய்லர் 6 என்று கழித்தால் 40 டன்தான் மிஞ்சும், இரண்டு பெட்டியும் முழு எடையில் இருந்தால் அதற்கும் அடங்காது. போன வருஷ டிரிப் ஷீட்டைப் புரட்டினேன். நான் டபுள் இருபது ஏற்றியது பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்றுக்காக நாலு டயர் கூடுதலாக, 18 டயருக்குப் பதிலாக 22 டயர் வைத்துக்கொண்டு திரிய வேண்டுமா? தவிர இரண்டு அச்சும் ஓடும் சிக்ஸ் பை ஃபோர் வண்டி, யார்டுக்குள் வட்டமடித்துத் திரும்பும்போதெல்லாம் பின் டயரைத் தரையில் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். மணலி யார்டுகளில் ஒரு நாளைக்கு எத்தனை திரும்பல் என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன் போன் செய்தான். அவனுக்கும் இதே தலைவலி, ஆனால் அளவு வேறு. வீடு மாதிரி ஒரு டிரெய்லர், கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் வைத்தது, 16,000 பவுண்டு, நம் கணக்கில் 7,250 கிலோ. அதை இழுக்க ஒரு பிக்கப் வாங்க வேண்டும். அதிலும் நம்முடையது மாதிரியே டர்ன்டேபிள்தான் (டிரெய்லரின் மூக்கு வந்து உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும் தட்டு), பிக்கப்பின் பின்தொட்டிக்கு நடுவில் மாட்டுவார்களாம். "விளம்பரத்துல பத்து டன் இழுக்கும்னு போட்டிருக்கான் மச்சான், அப்ப இது தாராளமா இழுக்கும்ல?" என்றான். இழுக்கும்டா, ஆனால் சுமக்குமா? இந்த மாதிரி டிரெய்லர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரை கிங் பின் (டிரெய்லர் மூக்கின் அடியில் இருந்து டர்ன்டேபிளில் மாட்டும் முளை) வழியாக முன்வண்டியின் முதுகில் இறக்கும். அவன் டிரெய்லருக்கு அது 1,450-லிருந்து 1,800 கிலோ. அங்கே டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆள், பொருள் எல்லாம் சேர்த்து வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று. போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டான். அவன் ஆசைப்பட்ட டீசல் வண்டியில் ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான் போட்டிருந்தது. டீசல் இன்ஜினே கனம், அந்தக் கனம் சுமக்கும் கணக்கில்தான் கழியும். அதில் அவனும் பொண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் டர்ன்டேபிளும் வேறு. கடைசியில் பின்னால் இரட்டை டயர் போட்ட பெரிய ரகத்துக்குப் போனான். தொட்டி குட்டையாக இருந்தால் திரும்பும்போது டிரெய்லர் மூக்கு கேபினில் இடிக்கும், அதற்குப் பின்னுக்கு நகரும் டர்ன்டேபிள் தனியாக விற்கிறார்கள் என்றும் சொன்னான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். டர்ன்டேபிளை எந்த இடத்தில் பூட்டுகிறார்கள் என்பதை டெலிவரிக்கு முன்னால் பாருங்கள், எழுதி வாங்குங்கள். பின் அச்சின் மையத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால்தான் பாரத்தில் ஒரு பகுதி முன் அச்சுக்குப் போகும், ஸ்டியரிங் தரையைப் பிடிக்கும். என் வண்டியில் கேட்காமலேயே கடைசித் துளையில் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் லோடோடு எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போதே அண்ணன் சொல்லிவிட்டார், முன்னால் லேசாக இருக்கிறது, ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று. திருப்பிக் கொண்டுபோய் விட்டால், சட்டத்தில் மறுபடி அளந்து பூட்ட ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள் தவணைப் பணத்துக்கும் ஹால்டிங்குக்கும் (வண்டி நிற்கிற நாளுக்கான கூலி) யார் பொறுப்பு? அதுதான் நான் முதலில் சொன்ன பஞ்சாயத்து.

அதே டர்ன்டேபிளில் எங்கள் தப்பும் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, மாற்று டிரைவர், அவசரம். முன்வண்டி இல்லாமல் நின்றிருந்த டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் முன்காலை யாரோ ஒரு சுற்று அதிகமாக இறக்கி, டிரெய்லரை உயர்த்தி வைத்திருந்தார்கள். டிரெய்லர் தட்டு டர்ன்டேபிளை விடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், முன்வண்டி ரிவர்ஸில் வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உயரமாக இருந்தால் கிங் பின், அதைப் பிடிக்க வேண்டிய டர்ன்டேபிள் தாடையின் மேலாகப் போய் உட்கார்ந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். 'டக்'கென்று சத்தம் வந்தது, பூட்டிவிட்டது என்று நினைத்துக் காலை மடக்கிவிட்டான். வண்டியை எடுத்ததும் மூன்றடி நகர்ந்து டிரெய்லர் மூக்கு முன்வண்டிச் சட்டத்தில் விழுந்தது. காலி டிரெய்லர், யார்டுக்குள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏர் ஹோஸ் இரண்டும் போச்சு, மட்கார்டு போச்சு. அன்றிலிருந்து ஒரு சட்டம்: டார்ச் அடித்துத் தாடை பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கணும், டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கணும், அதற்கு அப்புறம்தான் காலை மடக்கணும். சத்தத்தை நம்பக் கூடாது.

இன்ஜினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, 250 போதும். நம் பக்கம் மலையா இருக்கிறது, இருப்பதெல்லாம் மேம்பாலம். லோடில் லிட்டருக்கு 3 கிலோமீட்டர், காலியில் நாலுக்குக் கொஞ்சம் மேல். கியூவில் நிற்கும் நாளில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

கியூதான் இந்த வண்டியின் நிஜமான பரீட்சை. எண்ணூர் விரைவுச் சாலையில் காசிமேட்டைத் தாண்டி வரிசை நிற்கும் நாளில், கேட் வரைக்கும் அரை கிளச்சில் ஊர்ந்துகொண்டே போக வேண்டும். இதில் ஊர்வதற்கென்றே ஒரு கியர் முதல் கியருக்குக் கீழே இருக்கிறது, அதில் போட்டுவிட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் வண்டி நடந்தே போகிறது. இதற்கு மட்டும் பத்துக்கு ஒன்பது மார்க் தருவேன். பதினோரு மாதத்தில் கிளச் தட்டைத் தொடவில்லை.

மார்க் குறைப்பது புகைவடிகட்டிக்கு. பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைக்கும், சைலன்சர் நன்றாகச் சூடானால் அந்தக் கரி தானாக எரிந்துவிடும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது தெரியவே தெரியாது. ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற வண்டிக்கு எங்கே சூடு ஏறும்? டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஓரமாக நிறுத்தி பட்டனை அமுக்கி, இன்ஜின் தானாக உறும அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது எங்கே ஓரம் கட்டுவது? விளக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இரண்டு நாள் ஓட்டினால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் சர்வீசுக்குத்தான் போகணும். இது எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொது, ஆனால் வாங்கும்போது எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது ஸ்ரீபெரும்புதூர் டிரிப் வந்தால் வாடகை கொஞ்சம் கம்மி என்றாலும் விடுவதில்லை, பைபாஸில் ஓடி வடிகட்டியைச் சுத்தம் செய்துகொண்டு வரட்டும் என்று.

கடல் காற்று இன்னொரு எதிரி. டிரெய்லர் விளக்குக்குப் போகும் ஏழு பின் சாக்கெட் பச்சை பிடித்துவிடுகிறது, லாக்குகள் துருவேறிச் சுத்தியலால் தட்டினால்தான் திரும்புகின்றன. மாதம் ஒரு முறை கிரீஸ், சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி, வேறு வழியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரில் நின்ற டிரெய்லர் இதுதான், அப்போது ஹப்பைப் பிரிக்காமல் விட்டதற்கு நாலு மாதம் கழித்து இரண்டு பேரிங் மாற்றினேன். வண்டி முங்கினால் ஹப்பைப் பிரித்து கிரீஸை மாற்றுங்கள், மேலே துடைத்தால் பத்தாது.

கேபின் ஏசிக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன். 2025 அக்டோபர் முதல் தயாராகிற கனரக லாரிகளுக்கு அது கட்டாயம், என் வண்டி அதற்கு முந்தியது. இன்ஜின் ஓடினால்தான் ஏசி, அதனால் கியூவில் டீசல் குடிக்கிறது. மே மாத மத்தியானம், மணலி வெயில், பக்கத்து லாரிப் புகை, ஜன்னலை ஏற்றிவிட்டு அண்ணன் ஒரு மணி நேரம் கண் அசந்தார். அந்த டீசலுக்கு நான் கணக்குக் கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் தெருவிலேயே ஒருத்தர், ஒரு வண்டி வைத்திருப்பவர், 55 டன் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகச் சொன்னார். டிரிப் ஷீட்டை எடுத்துக்கொண்டு வாங்க என்றேன். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து மூன்று மாதத்தை எண்ணினோம். நூற்று நாலு டிரிப்பில் டபுள் இருபது ஒன்பது. பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார், இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.