விருதா, நல்கையா, பெயரா? தருமபுரி வட்டாரத்தின் இளம் ஆய்வாளர்களுக்கு எது உதவும்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள ஒரு கல்லூரியிடம், உடல்நலத்திலும் சமூக அறிவியலிலும் ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்களைச் சிறப்பிக்க ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழு கூடியதும் முதலில் எழும் யோசனை ‘இளம் ஆய்வாளர் விருது’ என்பதாகவே இருக்கும்: சால்வை, கேடயம், காசோலை, மறுநாள் நாளிதழில் ஒரு படம். அதைவிட, அந்தத் தொகையை நான்கு பேருக்குச் சிறு நல்கையாக, அதாவது ஆய்வுச் செலவுக்கான முன்னுதவியாக, பிரித்துக் கொடுக்கலாம் என்று இன்னொருவர் சொல்வார். மூன்றாவது வழி, உழைத்தவரின் பெயரை ஆய்வுக் கட்டுரையில் உரிய இடத்தில் போடுவது. அதற்குச் செலவே இல்லை என்பதாலோ என்னவோ, நிதி பற்றிய கூட்டங்களில் அது பேசப்படுவதில்லை.

விருதின் பலம் அதன் வெளிச்சம். குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஒருவர் ஐந்தாறு ஆண்டுகளாக என்ன படிக்கிறார் என்று விளங்காத வீட்டாருக்கு, ஒரு கேடயம் பல விளக்கங்களை மிச்சப்படுத்தும். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விருதுகள் பெரும்பாலும் பிறந்த தேதியைப் பார்த்தே ‘இளமை’யை அளக்கின்றன. அறிவியலாளர்களுக்கான பட்நாகர் பரிசுக்கு 45 வயது வரம்பு இருந்தது. ஆய்வாளர்களுக்கான இன்ஃபோசிஸ் பரிசு தன் வரம்பை 2024இல் 50இலிருந்து 40ஆகக் குறைத்தது. திருமணம், குழந்தை, சில ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளர் பணி எல்லாம் கடந்து 38 வயதில் முனைவர் பட்டம் பெறும் பெண்ணுக்கு, இந்த 40 வயதுக் கணக்கில் மிஞ்சுவது இரண்டு ஆண்டுகளே. பட்டம் பெற்ற நாளிலிருந்து எண்ணுவதே நியாயம். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தன் தொடக்கநிலை நல்கைக்கு அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறது. தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று கூட்டியும் கொடுத்தது. இன்னொரு குறை துறை சார்ந்தது: பட்நாகர் பரிசின் ஏழு பிரிவுகளில் மருத்துவ அறிவியல் இருந்தது, சமூக அறிவியலுக்கு இடமே இல்லை.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்றைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரில், பற்களைக் கறையாக்கும் ஃபுளோரைடு மிகுந்த இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதனால் குழந்தைகளின் பற்களில் மாற்றம் வந்ததா என்று அறிய ஓர் இளம் ஆய்வாளர் விரும்பினால், அவர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பல்லின் எனாமல் உருவாகும் இளம் வயதில் குடித்த தண்ணீரே பிற்பாடு பல்லில் கறையாகத் தெரியும் என்பதாலும், நிரந்தர முன்பற்கள் ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள்தான் முளைக்கும் என்பதாலும், 2013க்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பற்கள் 2020ஐ ஒட்டித்தான் சாட்சி சொல்லத் தொடங்கியிருக்கும். பல்லைப் பார்ப்பது பல் மருத்துவரின் வேலை. அந்த வீட்டில் உண்மையில் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களா, சமைக்க மட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரா, குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று கேட்டறிவது சமூக அறிவியலாளரின் வேலை. இருவரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய இப்படிப்பட்ட ஆய்வை, ஆண்டுதோறும் ஒருவரை மேடையேற்றும் விருதால் அடையாளம் காண முடியாது; முடித்துக் காட்டக்கூடிய சின்ன வேலையையே அது தேர்ந்தெடுக்கும்.

நல்கை இந்த இடத்தில் விருதை வெல்கிறது, ஏனென்றால் அது வேலை முடிவதற்கு முன்பே நம்பிக்கை வைக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை இதற்கு நல்ல முன்மாதிரி: இரண்டு மாத வேலை, ஒரு கேள்வி, ஓர் அறிக்கை, 50,000 ரூபாய். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மாணவரும் சென்னை மாணவரும் ஒரே வரிசையில் நின்று அதற்கு விண்ணப்பிக்கலாம். சமூக அறிவியலில் இளங்கலை மாணவருக்கு இதற்கு இணையான பெரிய வாசல் இல்லை. முனைவர் பட்ட நிலையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு: 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய்; இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு உதவித்தொகையோ 20,000. ஒரே மலைக்கிராமத்துக்கு ஒரே பேருந்தில் போகும் இருவருக்கு இப்படி இரு விலை வைப்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. நல்கையின் குறையையும் சொல்லிவிட வேண்டும்: பணம் செலவானதைக் காட்டும் பயனீட்டுச் சான்றிதழ், ரசீது, தாமதமாக வரும் இரண்டாம் தவணை ஆகியவை ஆய்வைவிட அதிக நேரத்தைத் தின்பதுண்டு. தேநீர்க் கடைக்காரரிடம் ஜி.எஸ்.டி. ரசீது கேட்டு நின்றவர்களுக்கு இது புரியும்.

இனிப் பெயர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி, தளி பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் பல. தமிழில் அச்சிட்ட வினாப்படிவத்தில் உள்ள ‘மனச்சோர்வு’ என்ற சொல்லை அந்த வீட்டுப் பெண்ணுக்குப் புரியும் பேச்சுக்கு மாற்றிக் கேட்பதும், பதிலைத் திரும்பத் தமிழில் எழுதுவதும் வெறும் தரவுச் சேகரிப்பு அல்ல. அங்கே அளவுகோலே மறுபடி வடிவமைக்கப்படுகிறது. ஆனால் கட்டுரை வெளிவரும்போது அதைச் செய்தவர் நன்றியுரையின் கடைசி வரியில், சில வேளை பெயர்கூட இல்லாமல், ‘களப்பணியாளர்கள்’ என்ற பன்மைக்குள் போய்விடுகிறார். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையின் ஆசிரியராவதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தரவு திரட்டியதால் மட்டும் யாரும் ஆசிரியராக முடியாது என்று அதைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவு திரட்டுவதிலோ கணிசமாகப் பங்களிப்பது போன்ற முதல் நிபந்தனையை நிறைவுசெய்தவருக்கு வரைவை எழுதவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பு அளிக்க வேண்டும் என்று அதே குழு சொல்வதை அவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. வாய்ப்பைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, தகுதி இல்லை என்பது எப்படிச் சரியாகும்?

பெயரின் வரிசையும் துறைக்குத் துறை வேறுபடுகிறது. மருத்துவத்தில் கடைசிப் பெயர் மூத்தவருடையது. பொருளாதாரத்தில் அகரவரிசை வழக்கம் பரவலாக உண்டு. மருத்துவக் கல்லூரிப் பதவி உயர்வுக்கு முதல் மூன்று ஆசிரியர்களையும், இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் தொடர்பு ஆசிரியரையும் மட்டும் கணக்கில் எடுப்பது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதி வகுத்ததால், நான்காம் இடம் என்பது வெறும் மரியாதைக் குறைவாக நிற்காமல் பிழைப்பையே தொட்டது. யார் கேள்வியை வகுத்தார், யார் களத்துக்குப் போனார், யார் எழுதினார் என்று பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து அச்சிடும் கிரெடிட் முறையை இப்போது பல இதழ்கள் ஏற்றிருக்கின்றன. இரு துறையினர் சேர்ந்து எழுதும் கட்டுரைக்கு அதுவே பொருத்தமானது.

எனவே அந்த 2 லட்சத்தில் விருதுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்க மாட்டேன். தலா 45,000 வீதம் நான்கு நல்கைகள். ஒவ்வொன்றிலும் உடல்நலத் துறையினர் ஒருவர், சமூக அறிவியலார் ஒருவர். வயது வரம்பு கிடையாது, முனைவர் பட்டமோ முதுநிலைப் பட்டமோ பெற்று ஏழு ஆண்டுகளுக்குள் இருந்தால் போதும். மீதி 20,000 ரூபாய், களப்பணியாளர்களும் வந்து உட்கார்ந்து எழுதக்கூடிய இரண்டு நாள் கட்டுரை வரைவு அமர்வுக்கு. பெயர் யாருடையது, எந்த வரிசையில் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, நெறியாளர் உட்பட எல்லாரும் கையொப்பமிட்ட பிறகே முதல் தவணையைக் கொடுக்கலாம்.