காப்பீட்டு அட்டையா, அரசு ஆஸ்பத்திரியா?

எல்லோருக்கும் மருத்துவம் என்ற இலக்கை நோக்கி இந்தியா இரண்டு வழிகளில் நடந்துகொண்டிருக்கிறது. வரிப்பணத்தில் அரசே மருத்துவமனை கட்டி, மருத்துவரை நியமித்து, மருந்தையும் கொடுப்பது ஒரு வழி; 1946-இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான அரசுக் குழு பரிந்துரைத்தது இதைத்தான். குடும்பத்துக்கு ஒரு காப்பீட்டு அட்டையைக் கொடுத்து, அரசு அல்லது தனியார் மருத்துவமனையில் ஆகும் செலவை ஏற்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியதும், பின்னர் அதனுடன் இணைக்கப்பட்ட 2018-ஆம் ஆண்டின் ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசுத் திட்டமும் இரண்டாம் வகை.

அட்டையின் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைப்பதால், நகையை அடகு வைக்காமல், நிலத்தை ஒத்திக்கு விடாமல் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் ஏராளம். ஆனால் அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 10,000. மாசி வீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் கணவரும் வீட்டில் தையல் மிதிக்கும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்தால் அந்த வரம்பு எளிதில் கடந்துவிடும். அவர்களை வசதியானவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கே உதவுகிறது. மாதாமாதம் வாங்கவேண்டிய மாத்திரைக்கு உதவுவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் காசில்லாத மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு, சில ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்து நிற்கும்போதுதான் அட்டை அவருக்குக் கைகொடுக்கிறது. மாத்திரை தவறாமல் கிடைத்திருந்தால் அந்த நிலை தள்ளிப்போயிருக்கலாம், வராமலேகூட இருந்திருக்கலாம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 2021-22-இல் 39.4 சதவீதம், மருந்துக்கடையில் எண்ணிக் கொடுக்கும் பணத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இந்த இடத்தில் முதல் வழி தெளிவாக முந்துகிறது. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் அதையே வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்க்கிறது. இங்கே வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போகவேண்டியதில்லை. காப்பீட்டில் போலச் சிகிச்சைக்கான முன் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

அரசு மருத்துவமனையின் குறைகளை மறைப்பதும் நியாயமன்று. மதுரை மட்டுமின்றிச் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி மாவட்டத்து நோயாளிகளும் பனகல் சாலையிலுள்ள பெரியாஸ்பத்திரிக்கே வருகிறார்கள். சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க மற்றொன்று என்று ஒரு நாள் கூலி போய்விடுகிறது. தாலுகா மருத்துவமனையில் நிபுணரும் மயக்க மருந்து மருத்துவரும் எந்நேரமும் இருந்தால், இக்கூட்டத்தில் ஒரு பகுதி ஊரிலேயே சிகிச்சை பெற்றுவிடும்.

தாய்லாந்து 2001-இல், ஒரு முறைக்கு 30 பாட் (அந்நாட்டுப் பணம்) மட்டும் வாங்கிக்கொண்டு சிகிச்சை தரும் 30 பாட் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, புறநோயாளி சிகிச்சையையும் மருந்தையும் அதற்குள் சேர்த்தது. அதற்கு முன்பே பல பத்தாண்டுகள் உழைத்து மாவட்டந்தோறும் மருத்துவமனை கட்டி, இளம் மருத்துவர்களைக் கிராமப்புறப் பணிக்கு அனுப்பியிருந்ததால்தான் அது நிலைத்தது.

ஆகவே இரண்டில் ஒன்றுக்கு முதலிடம் தரவேண்டுமென்றால், என் தேர்வு அரசு மருத்துவமனையே. அட்டை அதற்குத் துணையாக நிற்கட்டும். நம் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனை செய்யும் சிகிச்சைக்கான தொகை அம்மருத்துவமனைக்கே வருகிறது என்பதால், குடலிறக்கம், கர்ப்பப்பை போன்ற வழக்கமான அறுவை சிகிச்சைகளைத் தாலுகா மருத்துவமனைகளுக்கே கூடுதலாகத் திருப்பிவிட வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு முதலில் மயக்க மருந்து மருத்துவர் பணியிடத்தை நிரப்ப வேண்டும்.