பெரிய ப்ராஜெக்டுக்கு கோ மொழி: எங்கே தாங்கும், எங்கே படுத்தும்

பல பேர் சேர்ந்து எழுதி, வருஷக்கணக்கில் பராமரிக்க வேண்டிய சர்வர் மென்பொருளுக்கு கோ (Go) என்ற நிரல் மொழியைத் தைரியமாக எடுக்கலாம். பழைய கோட் புதிய கம்பைலரிலும் (கோடை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) ஓடும் என்று 2012-ல் கோ 1.0 பதிப்பு வந்தபோது சொன்னார்கள். அதைப் பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறார்கள். ஃபார் லூப் வேரியபிளின் நடத்தையை 2024-ல் 1.22 பதிப்பு மாற்றியபோதுகூட, மாட்யூல் ஃபைலில் (ப்ராஜெக்டின் கோ பதிப்பைக் குறிக்கும் go.mod) 1.22 அல்லது அதற்கு மேல் என்று குறித்த கோடை மட்டும்தான் அது தொட்டது.

டிசைனில் இதன் பெரிய பலம், பேக்கேஜ்கள் (கோடைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) ஒன்றையொன்று சுற்றி இம்போர்ட் செய்ய, அதாவது எடுத்துப் பயன்படுத்த, விடாதது. ஆர்டர் பேக்கேஜ் பில்லிங்கை இம்போர்ட் செய்கிறது. பில்லிங்குக்கோ ஆர்டரின் மொத்தத் தொகை வேண்டும். திருப்பி இம்போர்ட் செய்தால் கம்பைல் ஆகாது. உடனே ‘காமன்’ என்று ஒரு பேக்கேஜ் திறந்து எல்லாவற்றையும் அதில் கொட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம், பிறகு அதில் எதைத் தொட்டாலும் மொத்த ப்ராஜெக்டும் ஆட்டம் காணும். தொகையைத் தரும் ஒரே மெத்தடோடு ஒரு சின்ன இன்டர்ஃபேஸை (என்னென்ன மெத்தட் வேண்டும் என்ற பட்டியல்) பில்லிங்குக்குள்ளேயே எழுதுங்கள். ஆர்டர் அதை இம்ப்ளிமென்ட் செய்வதாக எங்கும் அறிவிக்க வேண்டியதில்லை, மெத்தட் பொருந்தினால் போதும். வெளியார் தொடக்கூடாததை இன்டர்னல் (internal) என்ற பெயருள்ள ஃபோல்டரில் வைத்தால் கோவின் பில்ட் கருவியே தடுத்துவிடும்.

படுத்துவது வேறு இடத்தில். ஆர்டரின் நிலைகளைக் கான்ஸ்டன்ட்களாக வைத்து ஸ்விட்ச் எழுதிய பின் ‘ரீஃபண்ட்’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தால், விடுபட்ட ஸ்விட்ச்களைக் கம்பைலர் காட்டாது. எந்த நிலையும் பொருந்தாதபோது ஓடும் டிஃபால்டில் எர்ரர் திருப்புங்கள். இதைப் பிடிக்கும் லின்டரை (கோடை ஓட்டாமலே தவறு தேடும் கருவி) சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) போடுங்கள். நிலைகளும் விதிகளும் மலிந்த துறைக்கான மென்பொருள் என்றால் என் ஓட்டு, விடுபட்ட நிலையைக் கம்பைலரே காட்டும் ரஸ்டுக்கோ காட்லினுக்கோதான்.

எர்ரரில் ஒரு கண்ணி உண்டு. சொந்த எர்ரர் டைப்பின் பாயின்டர் வேரியபிள் நில்லாகவே (nil, வெறுமை) இருந்தாலும், அதை எர்ரர் இன்டர்ஃபேஸாகத் திருப்பினால் ‘நில் இல்லை’ என்றே வரும். இன்டர்ஃபேஸ் மதிப்போடு டைப்பையும் சேர்த்துச் சுமப்பதுதான் காரணம். வெற்றிப் பாதையில் நேரடியாக நில்லையே ரிட்டர்ன் செய்யுங்கள்.

ரேஸ் டிடெக்டர் கட்டாயம்; ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகள் ஒரே தரவில் மோதுவதைத்தான் (ரேஸ்) இந்தக் கருவி பிடிக்கிறது. ஆனால் அது மெமரியை 5 முதல் 10 மடங்கும், ஓடும் நேரத்தை 2 முதல் 20 மடங்கும் ஏற்றக்கூடும். ஓடிய பாதையில் நடந்த ரேஸை மட்டுமே பிடிக்கும். அதனால் யூனிட் டெஸ்டோடு நிறுத்தாமல் லோடு டெஸ்டிலும் ஓட்டுங்கள்.