உத்தரவாதமா, பங்கு முதலீடா: தனியார் பணத்தை எது இழுக்கும்?

அரசுப் பணத்தைப் போட்டுத் தனியார் முதலீட்டை வரவழைக்கும் திட்டம் ஒன்றை வடிவமைத்த குழுவில் இருந்தேன். எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று: மானியம், உத்தரவாதம் (நஷ்டம் வந்தால் அரசு ஈடுகட்டும் என்ற வாக்குறுதி), தனியாரோடு சேர்ந்து பங்கு முதலீடு. மூன்றாவதை எடுத்தோம், இன்றும் எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

மானியத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கொடுத்த பணம் திரும்பாது, எப்படியும் நடந்திருக்கக்கூடிய வேலைக்கே அது போய்ச் சேரவும் வாய்ப்பு அதிகம். லாபம் கண்ணுக்கே தெரியாத அடிப்படை ஆராய்ச்சிக்கு மட்டும் அதை விட்டால் வேறு வழியில்லை.

உத்தரவாதத்தில் முதலிலேயே பணம் கையை விட்டுப் போவதில்லை, அதனால் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் 1,600 கோடி யூரோ உத்தரவாதம், ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் 500 கோடி, இரண்டையும் வைத்து 31,500 கோடி யூரோ முதலீட்டைத் திரட்டுவதாக இலக்கு வைத்தது. அதாவது 15 மடங்கு. ஆனால் கூடுதலாக வந்ததாகச் சொன்ன முதலீடு சில இடங்களில் மிகைக்கணக்கு என்றும், சில திட்டங்களுக்கு இது இல்லாமலே பணம் கிடைத்திருக்கும் என்றும் ஒன்றியத்தின் தணிக்கை மன்றமே 2019-இல் சொல்லிவிட்டது.

சரி, என் மனதை முடிவு செய்ய வைத்தது இஸ்ரேல். ஒரே நாடு, அடுத்தடுத்த ஆண்டுகள், இரண்டு வழியும் நடந்து பார்த்தாகிவிட்டது. 1992-இல் இன்பால் என்ற திட்டம்: பங்குச் சந்தையில் பட்டியலான துணிகர முதலீட்டு நிதிகளுக்கு, அதாவது புது நிறுவனங்களில் பணம் போடும் நிதிகளுக்கு, 70 சதவீத உத்தரவாதம். அது எடுபடவில்லை. 1993-இல் வந்த யோஸ்மா பங்கு முதலீட்டு வழி, 10 கோடி டாலர் அரசுப் பணம். பத்து நிதிகள், ஒவ்வொன்றிலும் அரசின் பங்கு அதிகபட்சம் 40 சதவீதம், மீதி தனியாருடையது. ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கை அசலும் வட்டியும் கொடுத்துத் தனியார் வாங்கிக்கொள்ளலாம். பத்தில் எட்டு நிதிகள் அப்படியே வாங்கிக்கொண்டன.

வித்தியாசம் எங்கே என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கோடி டாலர் நிதி, அரசு 80 லட்சம், தனியார் 1.2 கோடி. எல்லாம் மூழ்கினால் தனியாரின் 1.2 கோடியும் போச்சு, அதனால் எந்த நிறுவனத்தில் போடுகிறோம் என்று தூங்காமல் பார்ப்பார்கள். அதே நிதி 6 கோடியானால் சாதாரணப் பங்குக் கணக்கில் அவர்களுக்கு 3.6 கோடிதான், அரசுப் பங்கை வாங்கிவிட்டாலோ 5.2 கோடி, அதில் வட்டி மட்டும் கழியும். 70 சதவீத உத்தரவாதத்தில் இதற்கு நேர்மாறு: 2 கோடியும் தனியார் போட்டு முழுதும் மூழ்கினால் 1.4 கோடி திரும்பி வரும், ஜெயித்தால் அரசால் கூடுதலாக எதுவும் கிடையாது. நஷ்டத்துக்கு மெத்தை போடுவதா, லாபத்துக்குக் கதவு திறப்பதா என்பதுதான் கேள்வி, திறமையான முதலீட்டாளரை இரண்டாவதுதான் கூப்பிடும்.

பெரிய லாபத்தை அரசு விட்டுக்கொடுப்பதா என்று குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் திரும்பி வரும் அசலையும் வட்டியையும் அரசு அடுத்த நிதிக்குத் திருப்பலாமே. அடமானம் இல்லாத சிறுதொழில் கடனுக்கு நான் உத்தரவாதத்தைத்தான் சொல்வேன், அங்கே வங்கிக்கு ஆளை எடைபோடத் தெரியும், பயம் மட்டும்தான் தடை. சாலை, துறைமுகம் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே என் பேச்சை அப்படியே எடுக்க வேண்டாம்.

பங்கு முதலீட்டுக்கே போவதாக இருந்தால், அரசு எப்போது, என்ன விலைக்கு விலகும் என்பதை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். லாபம் தெரிந்த பிறகு பேச உட்கார்ந்தால் யாரும் அசலும் வட்டியும் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.