கும்பகோணத்தில் ரூட் கெனால்: வைத்தியம் சரி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

ஆடிப்பெருக்கன்று வீட்டில் எல்லோரும் சித்ரான்னம் கட்டிக்கொண்டு காவிரிப் படித்துறைக்குப் போக, நான் கன்னத்தைப் பிடித்தபடி திண்ணையில் கிடந்தேன். முந்தின நாள்தான் ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கிற வைத்தியம், முடிந்திருந்தது. கீழ்க் கடைவாயில் பல்லோடு பல் பட்டாலே பொட்டு வரைக்கும் தெறித்தது. அம்மா கிராம்பு எண்ணெயைத் தேடினார். "நரம்பையே எடுத்தாச்சுன்னா அப்புறம் ஏன்டா வலிக்குது?" என்று அக்கா கேட்டாள்.

நியாயமான கேள்வி. பல்லுக்குள் நரம்பு இல்லைதான். ஆனால் வேரைச் சுற்றியுள்ள சவ்வு உயிரோடுதான் இருக்கிறது. ஃபைல் என்கிற மெல்லிய அரத்தை விட்டுச் சுரண்டி, மருந்துத் தண்ணீரில் கழுவும்போது வேர் நுனிப் பக்கம் அது புண்படும். சில நாள் கடித்தால் வலிப்பது சகஜம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஓட வேண்டும். முன்பு டொராண்டோவில் இதே வைத்தியம் செய்தபோது எனக்கு இதையெல்லாம் தாளில் அச்சடித்துத் தந்தார்கள். இங்கே கையில் வந்தது மாத்திரைச் சீட்டு மட்டும்.

கருவிகளைக் குறை சொன்னால் பாவம். ஒட்டிய கவரை என் கண்முன்னே பிரித்தார்கள். வளைந்த வேருக்குள் தானும் வளைந்து போகிற நிக்கல் டைட்டானியம் ஃபைல், வேர் நுனி எங்கே என்று பீப் அடித்துச் சொல்லும் அபெக்ஸ் லொக்கேட்டர், பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட், எல்லாம் டொராண்டோவில் பார்த்ததேதான். நாங்கள் பள்ளிக்கூடம் போன நாளில் இதே ஊரில் பல்வலி என்றால் குறடுதான்!

ராத்திரி போன் செய்தேன். டாக்டரே எடுத்தார். டொராண்டோவில் அந்த நேரத்துக்கு மெஷின்தான் பேசும். காலையில், பல் எங்கே இடிக்கிறது என்று காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார். அடைத்த சிமெண்ட் ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது. மரத்த வாயில் அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. லேசாக ராவினார், பாதி வலி அங்கேயே இறங்கிவிட்டது.

"இப்படி வலிக்கும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"சொன்னா பயந்துட்டு வரவே மாட்டாங்க சார்."

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சொல்லாததால்தான் பயம். வலங்கைமானில் எங்கள் அத்தை இப்படித்தான், வைத்தியம் பலிக்கவில்லை என்று நினைத்து வேறிடத்தில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார். நல்ல பல். தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுங்கள் என்று டாக்டரிடமே கேட்டேன். தலையாட்டினார். பல்லுக்கு மேல் உறையாகக் கேப் போடப் போனபோது மறுபடி கேட்டேன், இன்னும் அடிக்கவில்லை.