மூக்குக் கிளிப் வாங்கப் போகிறீர்களா? வார் வைத்ததை வாங்காதீர்கள்

அக்கா மகளுக்கு வாங்கியது. ரேஸ்கோர்ஸ் பக்கம் குளத்தில் நீச்சல் பழகுகிறாள், நேராக நீந்துவதில் ஆர்வம் போய்விட்டது, இப்போது தண்ணீருக்குள் தலைகீழாக நின்று காலை மேலே தூக்க வேண்டுமாம். இசைக்கேற்பத் தண்ணீரில் ஆடும் கலை நீச்சல்தான் அது, எல்லாம் அதில் பேர்போன ஸ்வெத்லானா ரோமாஷினா வீடியோ பார்த்த வினை. அந்த ரஷ்யப் பெண் 2008 பெய்ஜிங்கில் தொடங்கி நான்கு ஒலிம்பிக்கில் 7 தங்கம், இறங்கிய எதிலும் வெள்ளி வெண்கலம் என்ற பேச்சே கிடையாது. 2017இல் குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். அவர் மூக்கிலும் இதே சாமான்தான்.

நம்ம ஊர்க் கிணறுகளில் பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குதிப்பார்களே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. ஆனால் தலைகீழாக நிற்கும்போது உடம்பைத் தாங்குவதே தண்ணீரைத் துழாவிக்கொண்டிருக்கும் இரண்டு கைகளும்தான், தரையில் ஊன்றவும் கூடாது, பிறகு மூக்கைப் பிடிக்கக் கை ஏது? கிளிப் நழுவினால் தண்ணீர் நேராக உச்சிக்கு ஏறும்.

முதலில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வாங்கியது தலையைச் சுற்றி ரப்பர் வார் போட்ட வகை. சும்மா நீந்த அது போதும். குப்புறப் பாய்ந்ததும் வார் நெற்றிக்கு ஏறி, கிளிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கடைக்காரர் வேறு வகையே இல்லை என்றார்.

அப்புறம் ஆன்லைனில் 120 ரூபாய்க்கு வாங்கியதுதான் இது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, இரண்டு முனையிலும் சின்ன சிலிக்கோன் மெத்தை, அவ்வளவுதான். கம்பியைக் கையால் லேசாக வளைத்து மூக்கின் அகலத்துக்குச் சரிசெய்துகொள்ளலாம், இதுதான் இதன் பலம். ரொம்ப அழுத்திவிட்டால் கழற்றியதும் மூக்கின் இரு பக்கமும் சிவந்து தடம் விழுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். மெத்தை ஒட்டும் இடம் மட்டும் கொஞ்சம் பலவீனம், ஒரு பக்கம் இப்போதே ஆடுகிறது.

முக்கியமான விஷயம் எண்ணெய். தலைக்கு எண்ணெய் தடவி அனுப்பும் அம்மாக்கள் கவனிக்கவும், அது நெற்றி வழியே மூக்குக்கு இறங்கினால் எந்தக் கிளிப்பும் நிற்காது. எங்கள் அம்மா நல்லெண்ணெய் வைத்துத்தான் பேத்தியை அனுப்புவேன் என்று அடம்பிடித்த அன்றைக்கெல்லாம் கிளிப் குளத்தின் அடியில்தான் கிடந்தது. போட்டிக்காரர்கள் தலையில் ஜெலட்டினைக் கரைத்துப் பூசி முடியை இறுக்குகிறார்கள், அதைச் சொன்னதற்கு எங்கள் அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது குளத்துக்குப் போகும் முன் மூக்கை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுகிறாள், பிடிக்கிறது.

நிறம் பற்றி ஒன்று. மேடையில் தெரியாமல் இருக்கப் பெரிய வீராங்கனைகள் தோல் நிறத்தில் போடுவார்கள், பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம், விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு எடுங்கள். ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கி, ஒன்றை நீச்சல் உடைக்குள் செருகி வைக்கச் சொல்லுங்கள், சாம்பியன்களும் அப்படித்தான் செய்கிறார்கள். சளி பிடித்திருக்கும் நாளில் மாட்ட வேண்டாம்.

ஐந்துக்கு மூன்றரை. மெத்தை ஒழுங்காக ஒட்டியிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.